அவரவர் கணக்கு



பாபிலோனில் சிறையிருந்த யூதரிடையே ஒரு பழமொழி வழங்கிற்று. தந்தையர் புளித்த திராட்சையைத் தின்னப் பிள்ளைகளின் பல் கூசிற்றாம்! முன்னோர் பாவத்திற்காகவே தாங்கள் துன்புறுவதாக அவர்கள் எண்ணினர். எசேக்கியேல் தீர்க்கதரிசி அதனை மறுத்தார். தந்தையின் குற்றம் மகனைச் சாராது. மகனின் குற்றம் தந்தையைச் சாராது. தீயவனும் திருந்தினால் வாழ்வான் என்பதே அவர் நூலின் 18-ஆம் அதிகாரம் உணர்த்தும் நீதி.

இந்நீதியைப் பற்றி நின்றவர் ஒருவர் நமக்கு அண்மையிலேயே வாழ்ந்தார். தௌண்டு செல்லும் வண்டியில் கேட்காவ் நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். அங்கே முக்தி இல்லத்தை நிறுவியவர் பண்டித ரமாபாய். கைம்மை என்பது முற்பிறவிப் பாவத்தின் தண்டனை எனப் பெண்களைப் பழித்த கொடுமையை 1887-இல் நூலாக எழுதி உலகறியச் செய்தார். அவர்களுக்கென 1889-இல் பம்பாயில் சாரதா சதனம் கண்டு, மறு ஆண்டே புனேக்குக் கொணர்ந்தார். 1883-இல் ஞானஸ்நானம் பெற்ற பின்பும், திருச்சபையார் கூறினர் என்பதற்காகவே எதனையும் ஏற்றாரில்லை. வேதத்தைத் தாமே ஆராய்ந்து, தம் மனச்சான்றின்படி நடந்தார். இறைவன் முன் விடை சொல்ல வேண்டியவர் தாமே அன்றோ?

அன்பர்களே! தந்தை குடிகாரர் என்று மகளுக்கு வந்த சம்பந்தத்தைத் தட்டிவிடுகிறோம். பாட்டனார் பெருமையைச் சொல்லி நம் குறையை மறைக்கிறோம். இரண்டும் ஒரே பிழை. அலுவலகப் பதிவேட்டில் ஒருவர்க்காக மற்றொருவர் கையொப்பமிடலாகாது. இறைவன் ஏட்டிலும் அவ்வாறே. பிறர் கணக்கைப் பிள்ளைகள் மீது ஏற்றாதிருப்போம். நம் கணக்கை நாமே நேர் செய்வோம்.