'அவள்தான் கோபப்படுத்தினாள்'



மனைவியை அடிக்கும் கணவர் மாற முடியுமா? அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டுலூத் என்றொரு துறைமுக நகரம். 1980களின் தொடக்கத்தில் அங்கே காவல்துறை, நீதிமன்றம், பெண்கள் காப்பகம் எல்லாம் கைகோத்து ஒரு திட்டத்தைத் தொடங்கின. அடித்தவர்களை நீதிமன்றம் வாராந்திர வகுப்புக்கு அனுப்பியது. ஆம், வகுப்புதான்; நம் தொழில்!

கோபத்தை அடக்கப் பயிற்சி தருவதல்ல அதன் நோக்கம். மேலதிகாரியிடம் அடங்கும் கோபம் மனைவியிடம் மட்டும் ஏன் அடங்குவதில்லை? ஒவ்வொருவரும் ஒரு சம்பவத்தைத் தாளில் எழுத வேண்டும்: நான் என்ன செய்தேன், எதைச் சாதிக்க நினைத்தேன், என்ன சாக்குச் சொன்னேன், அவளுக்கு என்ன ஆயிற்று. 'லேசாகத்தான் தள்ளினேன்' என்ற சாக்கு அங்கே செல்லாது.

அடிபட்ட பெண்களின் அனுபவங்களிலிருந்து 1984இல் ஒரு சக்கரப் படம் உருவானது. அதன் ஒரு பகுதி, குழந்தைகளைக் கருவியாக்குதல். நம் வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளையிடம் நேற்றிரவு, "அம்மா யாரோடு பேசினாள்?" என்ற விசாரணை நடந்திருக்கலாம்.

இவ்வகுப்புகளால் எல்லோரும் மாறிவிடுவதில்லை. ஆய்வு முடிவுகளும் கலவையானவையே. ஆனால் அந்தத் தாள் எனக்குப் பிடித்திருந்தது. பிரம்பு பிடித்த நாட்களில், "அவன்தான் கோபப்படுத்தினான்" என்று நானும் சொன்னவன்தான்.

இப்போது ஒரு மாணவன் சக மாணவியைத் தள்ளிவிட்டு, "அவள்தான் கோபப்படுத்தினாள்" என்றால், அவள் என்ன செய்தாள் என்று கேட்பதில்லை. "நீ செய்ததை எழுது" என்கிறேன். முதல் முறை பெரும்பாலும் வெற்றுத் தாள்தான் வருகிறது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.