ஞாபகத்தின் தர்மகர்த்தாக்கள்



கற்றதை மறவாதிருந்தமைக்குச் சான்றிதழ் வழங்கும் இந்தப் பட்டமளிப்புச் சபையில் நான் மறதியைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். அபசகுனம் என்று எண்ணாமல் சற்றே பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன். ஒரு நாடகத்திலிருந்து தொடங்குகிறேன்.

அமெரிக்க நாடகாசிரியர் ஜோர்டன் ஹாரிஸன் எழுதி, 2014-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அரங்கேறி, 2017-இல் திரைப்படமாகவும் வந்த 'மார்ஜோரி பிரைம்' விஞ்ஞானக் கற்பனை நாடகமேயாயினும், அதில் விண்கலமும் இல்லை, வேற்றுலகத்தாரும் இல்லை. ஒரு வீட்டின் கூடமும், 85 வயதில் ஞாபகம் கரைந்துகொண்டிருக்கும் ஒரு மூதாட்டியும், காலஞ்சென்ற கணவனின் இளமைத் தோற்றத்தில் அவளெதிரே அமர்ந்து சம்பாஷிக்கும் ஒரு செயற்கை உருவமுமே அதன் தொடக்கம். அவ்வுருவத்துக்குச் சுயமான அனுபவம் ஏதும் கிடையாது. வீட்டார் சொல்லி வைத்ததையே அது பக்குவமாகத் திருப்பிச் சொல்லும்.

கணவன் மணம் பேசிய இரவில் இருவரும் பார்த்த சாமானியமான படத்தை அவ்வுருவம் நினைவூட்டக் கேட்ட மூதாட்டி, புகழ்பெற்ற 'காஸபிளாங்கா' படத்தைப் பார்த்ததாக வைத்துக்கொள்வோமே, அடுத்த முறை பேசுகையில் அதுவே மெய்யாகிவிடும் என்கிறாள். நாம் புன்னகை செய்கிறோம். ஆனால் இறந்துபோன மகனின் பெயரைப் பல்லாண்டுகளாக உச்சரியாத வீடும் அதுவே என்று அறியும்போது, துயரத்தை மறைப்பதற்கும் இன்பத்தை ஜோடிப்பதற்கும் கை ஒன்றே என்பது புலனாகிப் புன்னகை மறைகிறது. இறுதிக் காட்சியில், மனிதர் எவரும் எஞ்சாத கூடத்தில், குடும்பத்தார் மூவரின் தோற்றத்தில் செயற்கை உருவங்கள் மூன்று அமர்ந்து குடும்பக் கதை பேசுகின்றன. ஞாபகம் இருக்கிறது, அதற்கு உரியவர்தாம் இல்லை.

முதுமையில் ஞாபகம் தேயுமாயின் அது நம் செய்கையன்று. ஞாபகத்தைத் திருத்துவதோ நம் செய்கை. மறந்தவரின் ஞாபகம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட தேவஸ்தானச் சொத்து. தர்மகர்த்தா அதைக் காக்கலாம், அனுபவிக்கலாகாது, மாற்றி எழுதலும் ஆகாது. நாளை இத்தகைய யந்திரங்களை உங்களுள் சிலர் செய்யக்கூடும். முதியோருக்கு வைத்தியம் செய்வோர் சிலர் இருக்கக்கூடும். ஆனால் ஒரு முதியவரின் அருகே அமரும் கடமையோ அனைவருக்கும் உண்டு.

இன்றிரவு வீட்டில் பாட்டி, என்ன பட்டம் வாங்கினாய் என்று மும்முறை கேட்கக்கூடும். மூன்றாம் முறையும் முதல் முறைபோலவே சொல்லுங்கள். பிறகு நீங்கள் அவரை ஒன்று கேளுங்கள். அவர் சொல்வது கசந்தாலும் திருத்தாமல் கேளுங்கள்.