ஆறும் காயமும் அவசர ஊசியும்

(புக்கிட் தெங்காவில் நடந்த தொலைக்காட்சிப் பேச்சரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'காயத்தை ஆற்றும் ஊசிகள்' என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இதைப் பேச புக்கிட் தெங்கா பொருத்தமான ஊர்தான். தொழிற்பேட்டையில் பாரம் தூக்கித் தூக்கித் தோள் போனவர்கள் இங்கே இருக்கிறார்கள். இயந்திரத்தின் முன் எட்டு மணி, பன்னிரண்டு மணி நேரம் நின்று முழங்கால் தேய்ந்தவர்கள் இருக்கிறார்கள். சாயங்காலம் ஆனால் பூப்பந்து, ஞாயிற்றுக்கிழமை ஆனால் காற்பந்து என்று ஓடிக் கணுக்கால் பிசகியவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "எப்போது சரியாகும்?"

அந்தக் கேள்விக்கு இன்று கைபேசியில் ஒரு பதில் வருகிறது. "பெப்டைட் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், சீக்கிரம் ஆறிவிடும்" என்கிறார்கள். சின்னக் கண்ணாடிக் குப்பி, அதில் வெள்ளைத் தூள், கூடவே கலப்பதற்குத் தண்ணீர். தபாலில் வீட்டுக்கே வந்துவிடுகிறது.

பெப்டைட் என்றால் என்ன? நம் உடம்பில் உள்ள புரதம் எல்லாம் அமினோ அமிலம் என்னும் மணிகளைக் கோத்த மாலை. நீளமான மாலை புரதம். சின்ன மாலை பெப்டைட். இதில் பயப்பட ஒன்றுமில்லை. பிரசவ வார்டில் வலி வருவதற்குப் போடும் ஆக்சிடோசின் 9 மணிகள் கொண்ட பெப்டைட். நீரிழிவுக்காரர்கள் தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலினில் 51 மணிகள். 1922-இல் முதன்முதலாக மனிதருக்குப் போடப்பட்ட நாளிலிருந்து அது எத்தனை கோடி உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது! ஆகவே பெப்டைட் என்றாலே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இன்சுலினை மனிதர்களிடம் சோதித்து, அளவு கண்டு, தீமை எது நன்மை எது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். காயத்துக்கு என்று விற்கிறார்களே, அந்தப் பெப்டைட்டுகளுக்கு இது நடந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எலிக்கு ஆறியது, நமக்கு?

அதிகம் பேசப்படுவது இரண்டு. ஒன்று பிபிசி-157. பெயரைக் கேட்டதும் லண்டன் வானொலி என்று நினைத்துவிடாதீர்கள்! 15 அமினோ அமிலங்கள் கொண்ட செயற்கைப் பெப்டைட் அது. மனித இரைப்பை நீரில் உள்ள ஒரு புரதத்தின் துண்டு என்று சொல்லி, குரோவேஷிய நாட்டின் சாக்ரெப் நகரத்து ஆய்வாளர்கள் 1990-களிலிருந்து ஆராய்ந்து வருகிறார்கள். மற்றொன்று டிபி-500. தைமோசின் பீட்டா-4 என்ற 43 அமினோ அமிலப் பொருளோடு தொடர்புடையது.

எலிகளின் தசைநாணை வெட்டிவிட்டு பிபிசி-157 கொடுத்தபோது அது விரைவாகக் கூடியது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. நல்ல செய்திதான். ஆனால் எலி ஒன்று, நாம் வேறு. ஆரோக்கியமான இளம் எலிக்குக் கத்தியால் வெட்டிய காயமும், இருபது வருடம் மூட்டை தூக்கிய மனிதரின் நைந்துபோன தோள் நாணும் ஒன்றாகுமா? மனிதர்களிடம் நடந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சிறு ஆய்வுகள். 2015-இல் ஆரோக்கியமானவர்களிடம் பாதுகாப்பைச் சோதிக்க ஓர் ஆய்வு பதிவு செய்யப்பட்டது. அதன் முடிவு வெளியிடப்படவே இல்லை.

"எனக்குத் தெரிந்தவர் போட்டார், ஆறு வாரத்தில் சரியாகிவிட்டது" என்று உங்களில் ஒருவர் சொல்லலாம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் சாதாரணத் தசைப்பிடிப்பும் சுளுக்கும் ஊசி இல்லாமலே ஆறு வாரத்தில் பெரும்பாலும் குறைந்துவிடும். ஊசி போட்டவர் கொஞ்சம் ஓய்வும் எடுத்திருப்பார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. விழவைத்தது காக்கையா, பழுத்த பழமா என்று அறிய, ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனைதான் இன்னும் சரியாக நடக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பெப்டைட் புதிய இரத்தக் குழாய்கள் வளர உதவுகிறது என்பதை விற்பவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். புதிய இரத்தக் குழாய் காயத்துக்கும் உதவும், உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கும் புற்றுக் கட்டிக்கும் உதவலாம். இந்த ஐயத்தைத் தீர்க்க நீண்டகால ஆய்வு வேண்டும், அதுவும் இல்லை. அமெரிக்காவின் மருந்து நிர்வாகம் 2023-இல், மருந்தகங்கள் கலந்து கொடுக்கும் பொருட்களைப் பரிசீலித்தபோது, பிபிசி-157-ஐப் பாதுகாப்பு ஐயம் உள்ளவற்றின் பட்டியலில் வைத்தது. உடம்பின் எதிர்ப்பு சக்தி அதை எதிர்த்துக் கிளம்பலாம், தூளில் கலப்படம் இருக்கலாம் என்பவை அது சொன்ன காரணங்களில் சில.

பக்கத்து ஊர் பாடம்

இனி நம் வட்டாரத்துக்கே வருகிறேன். பக்கத்து ஊரான புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்தவர் லீ சோங் வெய். 2014-இல் தொடையில் காயம் பட்டு, கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்கே அவர் போகவில்லை. ஸ்டெம் செல் சிகிச்சை எடுத்துக்கொண்டு, ஆகஸ்டு மாதம் கோப்பன்ஹேகன் உலகப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்தார். அங்கே எடுத்த பரிசோதனையில் டெக்ஸாமெத்தசோன் என்ற தடை செய்யப்பட்ட மருந்து இருந்தது. நாடே அதிர்ந்தது. 2015 ஏப்ரலில் உலகப் பூப்பந்துச் சம்மேளனத்தின் விசாரணைக் குழு தீர்ப்புச் சொன்னது. அவர் ஏமாற்ற நினைக்கவில்லை என்று குழு ஏற்றுக்கொண்டது. மருந்து வந்த வழி எது தெரியுமா? அவர் சாப்பிட்ட கார்டிசெப்ஸ் என்னும் சத்து மாத்திரையின் மேல்கூடு! தவறான எண்ணம் இல்லாமலேயே எட்டு மாதத் தடை, உலகப் போட்டி வெள்ளிப் பதக்கமும் போயிற்று.

யோசித்துப் பாருங்கள். மருத்துவர், பயிற்சியாளர், சங்கம் என்று சுற்றிலும் ஆள் இருந்த உலகப் புகழ் வீரருக்கே மாத்திரைக் கூட்டுக்குள் என்ன இருந்தது என்று தெரியவில்லை. சமையலறையில் நாமே கலந்து, நாமே வயிற்றில் குத்திக்கொள்ளும் பெயர் தெரியாத குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று நமக்கு யார் சொல்வது?

ஆஸ்திரேலியாவில் இது குழு அளவிலேயே நடந்தது. மெல்பர்ன் நகரத்து எசெண்டன் காற்பந்துக் குழுவில் 2012 பருவத்தில் வீரர்களுக்கு ஊசிகள் போடப்பட்டன. எல்லாம் விதிக்கு உட்பட்டதே என்று வீரர்கள் நம்பினார்கள், சம்மதப் படிவத்திலும் கையெழுத்திட்டார்கள். 2016 ஜனவரியில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம், அவர்களுக்குத் தைமோசின் பீட்டா-4 கொடுக்கப்பட்டது என்று முடிவு செய்து 34 வீரர்களுக்கு இரண்டாண்டுத் தடை விதித்தது. அதைவிட வேதனை எது தெரியுமா? யாருக்கு எது, எவ்வளவு போடப்பட்டது என்பதற்கு ஒழுங்கான பதிவேடே இல்லை. என் உடம்பில் என்ன ஏறியது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

மாநிலக் குழுவில், பல்கலைக்கழகக் குழுவில் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். டிபி-500 உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கிறது. பிபிசி-157 பெயர் சொல்லி 2022-இல் சேர்க்கப்பட்டது. போட்டி நாளில் மட்டுமல்ல, ஆண்டு முழுவதும் தடைதான்.

குப்பியில் என்ன எழுதியிருக்கிறது?

நம் நாட்டில் மருந்து என்று எதையும் விற்பதற்கு முன் பதிவு செய்ய வேண்டும். 1984-ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு விதிகள் அப்படிச் சொல்கின்றன. பதிவான மருந்தின் பெட்டியில் 'மால்' என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண் இருக்கும். சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டு யாரும் சரிபார்க்கலாம். பதிவில்லாத மருந்தை விற்கும் தனி ஆளுக்கு முதல் குற்றத்துக்கே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இந்தக் குப்பிகளில் பலவற்றில் அந்த எண்ணுக்குப் பதில் வேறு ஒன்று எழுதியிருக்கும்: "ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதர் பயன்பாட்டுக்கு அல்ல." விற்பவரே தன் கையைக் கழுவிவிட்டார்! ஏதாவது ஆனால் அவர் பொறுப்பில்லை.

ஏற்கெனவே போட்டுக்கொண்டவர் இங்கே இருந்தால், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ, மூச்சு முட்டினாலோ அந்தக் குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். தேசிய நச்சு மையமே நம் பினாங்கில், அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. மருத்துவர்கள் அங்கே ஆலோசனை கேட்பார்கள்.

சரி, வேறு என்ன செய்வது?

நியாயமான கேள்வி. காயம் மூன்று கட்டமாக ஆறும். முதல் சில நாள் வீக்கமும் வலியும். அடுத்த சில வாரம் புதுத் திசு வளர்ச்சி. அதற்குப் பிறகு பல மாதம் அந்தத் திசு பலம் பெறும் காலம். தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, அதனால் அது மெதுவாகத்தான் ஆறும். அந்தப் புதுத் திசுவுக்கு எந்தப் பக்கம் பலம் வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது, அளவாக ஏற்றும் பாரம்.

ஸ்வீடனில் ஹோக்கன் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவருக்குக் குதிகால் நாணில் தீராத வலி. அறுவை செய்யச் சொல்லிக் கேட்டார், மேலதிகாரி மறுத்துவிட்டார். நாண் அறுந்தால் அறுவை செய்துதானே ஆக வேண்டும் என்று, வலிக்க வலிக்கக் குதிகாலைக் கீழே இறக்கும் பயிற்சி செய்தார். நாண் அறுவதற்குப் பதில் வலி போயிற்று! 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டு வாரம் அதே பயிற்சி செய்த 15 பேரும் மறுபடி ஓடினார்கள். படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் அதே அளவு பலன் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த வலிக்கு முதல் சிகிச்சை இன்றும் பயிற்சிதான். ஒன்று மட்டும் கவனம்: 'டப்' என்று அறுந்த உணர்வு வந்தாலோ, கையைத் தூக்கவோ காலை ஊன்றவோ முடியாவிட்டாலோ, பயிற்சி வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

"பன்னிரண்டு வாரம் வீட்டில் இருந்தால் வீட்டு வாடகையை யார் கட்டுவது?" என்று கேட்கிறீர்கள். ஊசியைத் தேடவைப்பது வலியைவிட இந்தப் பயம்தான். ஆகவே உங்கள் உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். வேலையில் அடிபட்டால், 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோ உங்களுக்கு உண்டு. குறைந்தது நான்கு நாள் எம்.சி. இருந்தால் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். வேலைக்குப் போகும் வழியில், வரும் வழியில் விபத்து நடந்தாலும் பொருந்தும். விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி தகவல் கொடுக்க வேண்டும். மறுபடி வேலைக்குத் திரும்ப உதவும் திட்டத்தையும் சொக்சோ 2007 முதல் நடத்துகிறது. "சின்ன அடிதானே" என்று மேற்பார்வையாளரிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்க மருத்துவமனை நம் புக்கிட் மெர்தாஜாமிலும் இருக்கிறது, செபராங் ஜெயாவிலும் இருக்கிறது. குடிமக்கள் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட்தான்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். ஆற்றில் போடுவதற்கே அளவு வேண்டும் என்றால், இரத்தத்தில் போடுவதற்கு எவ்வளவு வேண்டும்? நாளைக்கே இந்தப் பெப்டைட்டுகள் மனிதரிடம் முறையாகச் சோதிக்கப்பட்டு, பதிவெண்ணோடு மருத்துவர் கையால் வந்தால் நானே வரவேற்பேன். அதுவரை அந்தச் சோதனைக்கு உங்கள் உடம்பைக் காசு கொடுத்து நீங்களே கொண்டுபோய் வைக்காதீர்கள்.