முதுமையும் காணி உறுதியும்

(தர்மபுரத்தில் நடைபெற்ற கமக்காரர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



முதுமையில் உடல் தளர்வதை ஊரே காண்கின்றது. கணக்குப் பார்க்கும் புத்தி தளர்வதையோ எவரும் காண்பதில்லை, தளர்ந்தவரே காண்பதில்லை. அதைப்பற்றிப் பேசவே வந்துள்ளேன்.

ஐக்கிய அமெரிக்காவில் 2020 ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியாயிற்று. தனித்து வாழ்ந்த 81,000க்கு மேற்பட்ட முதியோரின் கடன் கணக்குகளையும் வைத்தியப் பதிவுகளையும் ஆய்வாளர் ஒப்புநோக்கினர். மறதிநோய் என்று வைத்தியர் கூறுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே, அந்நோயாளர் கட்டவேண்டிய தவணைகளைத் தவறவிடத் தொடங்கியிருந்தனர். கல்வி வாய்ப்புக் குறைந்த பகுதிகளிலே ஏழு ஆண்டுகள் முன்னர்!

அமெரிக்காவின் கடன் தவணைக்கும் கண்டாவளைக் கமக்காரனுக்கும் என்ன தொடர்பு என்பீர்கள். நம்மவரிடம் வங்கிக் கணக்கு இல்லாதிருக்கலாம், காணி இருக்கின்றது. அதை யாருக்கு, எப்படிக் கொடுப்பது என்ற தீர்மானத்தை, புத்தி மங்கத் தொடங்கும் அந்த வயதிலேதான் நாம் எடுக்கின்றோம்.

ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். காடு வெட்டித் திருத்திய வயலை மகனுக்கு நன்கொடை உறுதியாக எழுதிவிட்டார். “சீவிய உருத்து வைத்தீர்களா, ஐயா?” என்று கேட்டேன். “அதென்ன தம்பி? மகன்தானே என்று கையெழுத்து வைத்தேன்” என்றார். இப்பொழுது மருந்து வாங்கவும் மருமகளின் முகம் பார்க்கிறார்.

பரிகாரம் இல்லாமலில்லை. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டப்படி பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்கலாம். மிகுந்த நன்றிகேட்டைக் காட்டி நன்கொடையை மீட்க 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. ஆனால் நீதிமன்றம் ஏறவேண்டும். எழுபது கடந்த எந்தத் தகப்பன் பெற்ற மகன்மேல் வழக்கு வைப்பான்? அந்தப் பெரியவர் வைக்கவில்லை.

ஆகையால் அறிவு தெளிவாயிருக்கும்போதே எழுதுங்கள். எழுதினால் சீவிய உருத்தை ஒதுக்கி எழுதுங்கள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் பின்னுரித்தாளரை நியமிக்கலாம். உயிரோடிருக்கையில் மாற்றவும் செய்யலாம். 2009 இல் பத்திரங்களை இழந்து ஓடியவர்கள் இன்னும் பிரதி எடுக்கவில்லையென்றால், முதலில் அதைச் செய்யுங்கள்.

இன்னொன்று. காது மந்தம், கண் மங்கல், நீரிழிவு, இரத்த அழுத்தம், தனிமை ஆகியன உட்பட 14 காரணங்களைக் களைந்தால், மறதிநோயில் 45 சதவீதம்வரை தவிர்க்கவோ தாமதிக்கவோ இயலும் என்று ‘லான்செற்’ வைத்தியச் சஞ்சிகையின் ஆணைக்குழு 2024 இல் கூறிற்று. கிழவர் காதில் விழாததைக் கேட்டுச் சிரிக்கும் வீட்டாரே, அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்!

அரசாங்கத்தையும் கேட்கவேண்டும். அரச ஊழியனுக்குத் திறைசேரியிலிருந்து இளைப்பாற்றுச் சம்பளம் வருகின்றது. கமக்காரனுக்கு 1987 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் ஓர் ஓய்வூதியம் வகுத்தது. அவனே தவணைப்பணம் கட்டவேண்டும். கட்டினான். நிதி வற்றியதென்று கொடுப்பனவை நிறுத்தினார்கள்; 2014 இலேதான் மீளத் தொடங்கிற்று. நாட்டுக்குச் சோறு போட்டவனின் முதுமைக்கு உறுதி இல்லாதபடியால் அன்றோ, தன் காணியைக் கொடுத்துப் பிள்ளையிடம் சோறு வாங்கும் நிலை அவனுக்கு வந்தது? இந்த ஓய்வூதியத்தையும் திறைசேரியே பொறுப்பேற்க வேண்டும் என்னும் தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

உறுதியோ அனுமதிப்பத்திரமோ கொண்டுவந்தவர்கள் கூட்டம் கலைந்தபின் மேடையருகே வாருங்கள். பணம் வேண்டாம், மூக்குக்கண்ணாடியை மட்டும் மறவாமல் எடுத்து வாருங்கள்.