நரி பரியான ராத்திரி: குதிரைக் கூட்டத்துல யாரு பெரிய ஆளு?

சேத்தூர்ல இருந்து பேசுறேன். போன ஞாயிறு வந்த எபிசோடோட எழுத்து வடிவம் இது. ஆடியோல பின்னாடி தோப்பு மோட்டார் சத்தம் ஓடிட்டே இருந்துச்சு. இங்க அந்தத் தொல்லை இல்ல.

இன்னைக்கு விஷயம் குதிரை. தனியா ஓடுற ஹீரோ குதிரை இல்ல, கூட்டமா வாழ்ற குதிரை. எங்க பக்கம் குதிரைன்னு சொன்னாலே அய்யனார் கோவில் மண்குதிரைதான் ஞாபகம் வரும். பல்லைக் காட்டிக்கிட்டு, கண்ணை உருட்டிக்கிட்டு, மேல ஆள் ஏறத் தயாரா நிக்கும். கதையில, சினிமாவுல, வீடியோ கேம்ல வர்ற குதிரையும் பெரும்பாலும் அப்படித்தான். ஏறிப் போற வண்டி. அதுக்கு சொந்தக்காரங்க இருப்பாங்க, சொந்தபந்தம் இருக்காது.

மதுரைக்காரங்களுக்கு அடுத்து வர்ற கதையைச் சொல்ல வேண்டியதில்ல, மத்தவங்களுக்காகச் சொல்றேன். குதிரை வாங்கிட்டு வரச் சொல்லி பாண்டிய ராஜா தன் மந்திரிகிட்ட பணம் கொடுத்து அனுப்புறார். மந்திரி மாணிக்கவாசகர். அவர் அந்தப் பணத்தைத் திருப்பெருந்துறையில சிவன் கோவிலுக்குச் செலவு பண்ணிடுறார். ராஜா நெருக்கிப் பிடிக்க, சிவன் காட்டு நரிகளைப் பரிகளாக்கி, தானே குதிரை வியாபாரியா வந்து மதுரையில ஒப்படைக்கிறார். ராத்திரி ஆனதும் வந்த குதிரைங்க எல்லாம் திரும்ப நரியாகி, லாயத்துல ஏற்கெனவே இருந்த குதிரைகளைக் கடிச்சுக் குதறிட்டு ஓடிடுது. திருவிளையாடல் புராணத்துல இருக்கு. ஆவணி மூலத் திருவிழாவுல மதுரையில இப்பவும் இதை நடத்திக் காட்டுறாங்க.

இந்தக் கதையில ராஜா பேசுறார், மந்திரி அழுறார், சிவன் விளையாடுறார். லாயத்துல இருந்த பழைய குதிரைங்களுக்கு மட்டும் ஒரு வரி கூட கிடையாது. பக்கத்துல கட்டினது நம்ம ஜாதி இல்லன்னு அதுங்களுக்குத் தெரிஞ்சிருக்காதா? வாசனை ஒண்ணு போதுமே. எங்க சனிக்கிழமை ரோல்பிளே கேமை நாங்க அங்கதான் ஆரம்பிச்சோம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல வந்ததுல இருந்து ஆளுங்க வீரனாவும் மந்திரவாதியாவும் விளையாடிட்டு இருக்காங்க. எங்க கேம்ல 5 பேரும் குதிரை. மனுஷங்கதான் பின்னணி.

லாயம்னு சொன்னதும் ஒரு சரித்திர விஷயம். பாண்டிய நாட்டுல நல்ல குதிரை வளராது, அரேபியா, பாரசீகப் பக்கம் இருந்து கப்பல்ல வரணும். 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில இங்க வந்த மார்கோ போலோ, வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல குதிரை இறங்குது, கவனிக்கத் தெரிஞ்ச ஆள் இல்லாம பெரும்பாலும் செத்துப் போகுதுன்னு எழுதி வெச்சிருக்கார். அப்படின்னா அந்த லாயம் ஒரு கூட்டமே இல்ல. கப்பல்ல இறங்கின அந்நியர்களை வரிசையா கட்டி வெச்ச இடம். எங்க கேமுக்கு இது ரொம்ப முக்கியமா போச்சு. கூட்டம் ரெடிமேடா இல்ல, அதை உருவாக்கணும்.

இங்கதான் சண்டை வந்துச்சு. பொலிகுதிரையா விளையாடுற நண்பர் முதல் நாளே சொல்லிட்டார்: "நான்தான் தலைவன், நான் போற பக்கம் எல்லாரும் வாங்க." அவருக்குப் பக்கத்துல வயசான பெட்டைக் குதிரையா விளையாடுற அக்கா டைஸைக் கீழ வெச்சுட்டாங்க. "அப்ப எனக்கு இந்த கேம்ல என்னடா வேலை? உன் பின்னாடி நடக்கிறதா?" அடுத்த வாரம் வர்றதா வேணாமான்னு யோசிக்கிறேன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாங்க. 5 பேர் இருக்கிற மேசையில ஒருத்தர் போனா கேம் முடிஞ்சுது. அந்த வாரம் பூரா ஆபீஸ் வேலை முடிச்சுட்டு குதிரை ஆராய்ச்சிக் கட்டுரையாப் படிச்சேன்.

முதல்ல அமைப்பைப் பார்ப்போம். மனுஷன் கட்டுப்பாடு இல்லாம வாழ்ற குதிரைங்க சின்னச் சின்னக் குடும்பமா இருக்கும். ஒரு பொலிகுதிரை, சில சமயம் ரெண்டு. கூட சில பெட்டைங்க, அதுங்களோட குட்டிங்க. குட்டிங்க சுமாரா 2, 3 வயசுல பிறந்த குடும்பத்தை விட்டு வெளியேறிடும், ஆணும் சரி பெண்ணும் சரி. இளவட்ட ஆண்கள் தனியா ஒரு செட் சேர்ந்து சுத்தும். நம்ம ஊர் டீக்கடை வாசல்ல வேலை தேடுற பசங்க கூட்டம் மாதிரின்னு வெச்சுக்கோங்க. பெண் குட்டி வேற குடும்பத்துல போய்ச் சேரும், அங்க அது புதுசு, கடைசி இடம்.

ஆமா, இடம்னு ஒண்ணு இருக்கு. தண்ணிக்கும் தீனிக்கும் யாரு முதல்லன்னு ஒவ்வொரு குடும்பத்துலயும் வரிசை உண்டு. பெட்டைங்களுக்குள்ள இந்த வரிசையை உடம்பு பலத்தை விட வயசும், எவ்வளவு நாளா அந்தக் குடும்பத்துல இருக்குங்கிறதும் அதிகமா தீர்மானிக்குது. நம்ம கேம்காரங்க நினைக்கிற மாதிரி தினமும் சண்டை போட்டு அதைத் தீர்க்கிறதில்ல. காதைப் பின்னாடி மடக்கும், தலையை லேசா நீட்டும், பின்னங்காலைத் தூக்குற மாதிரி காட்டும். அவ்வளவுதான், மத்தது நகர்ந்துடும். உதைக்கிறது கடைசி. சின்னக் குட்டிங்க பெரிய குதிரையைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடும், "நான் குழந்தைங்க, விட்டுடுங்க"ங்கிற மாதிரி.

இப்ப முக்கியமான கேள்வி. வரிசையில முதல்ல இருக்கிறவங்கதான் வழிநடத்துறாங்களா? பழைய புத்தகங்கள்ல ரெண்டு கதை ஓடுது. ஒண்ணு, பொலிகுதிரைதான் தலைவன். இன்னொண்ணு, ஒரு மூத்த பெட்டைதான் கூட்டத்தை நடத்துது. எங்க ஊர்த் தோப்புக்காரங்ககிட்ட கேட்டா ரெண்டாவதை உடனே ஒத்துக்குவாங்க, ஏன்னா அவங்க மலையடிவாரத்துல பார்க்கிறது யானைக் கூட்டம். மாந்தோப்புக்குள்ள வர்ற யானைக் கூட்டத்துல பெரிய பெண் யானைக்கு என்ன மரியாதைன்னு அவங்களுக்குத் தெரியும். ஆனா குதிரை யானை இல்ல.

2014-ல கான்ஸ்டன்ஸ் க்ரூகர் குழு வெளியிட்ட ஆய்வுல, கூட்டத்துல எந்தக் குதிரை வேணும்னாலும் முதல் அடி எடுத்து வைக்கலாம்னு தெரிய வந்துச்சு. ஒண்ணு நகரும், ரெண்டு மூணு பின்னாடி போகும், அப்புறம் மொத்தமும் போகும். யாரும் பின்னாடி வரலன்னா நகர்ந்தது நின்னுடும், இல்ல திரும்பி வந்துடும். பொலிகுதிரை என்ன பண்ணும்? தலையைத் தரையோட தாழ்த்தி, கழுத்தைப் பாம்பு மாதிரி ஆட்டிக்கிட்டு, கூட்டத்தைப் பின்னாடி இருந்து ஓட்டும். அதாவது சினிமாவுல முன்னாடி ஓடுற ஆள் நிஜத்துல பெரும்பாலும் கடைசியில வர்ற ஆள்.

என்னை மாதிரி சர்வர் வேலை பார்க்கிறவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். ஒரே லீடர் இல்ல. யாரு வேணும்னாலும் முன்மொழியலாம், போதுமான பேர் ஒத்துக்கிட்டாதான் அது நடக்கும். வரிசை வேற, வழிகாட்டுறது வேற. இந்த ரெண்டையும் ஒரே நம்பரா கேரக்டர் ஷீட்டுல எழுதி வைக்கிறதுதான் நிறைய கேம்களோட பிரச்சினை. எனக்கு எரிச்சல் வர்ற இடமும் அதுதான்: 'ஆல்ஃபா'ன்னு ஒரு வார்த்தையைப் போட்டுட்டு மொத்த சமூகத்தையும் முடிச்சுடுறாங்க.

அதை விட எனக்குப் பிடிச்சது நட்பு சம்பந்தமானது. நியூசிலாந்துல கைமனாவா பக்கம் இருக்கிற காட்டுக் குதிரைகளை வெச்சு எலிசா கேமரூன் குழு 2009-ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. மத்த பெட்டைங்களோட நெருக்கமா இருக்கிற பெட்டைக்குக் குட்டி அதிகம் பிறக்குது, அதிகம் பிழைக்குது. ரத்த சொந்தமா இருக்கணும்னு அவசியமே இல்ல. இன்னொண்ணும் பார்த்தாங்க: அந்த மாதிரி தோழிங்க இருக்கிற பெட்டைக்குப் பொலிகுதிரையோட தொல்லையும் கம்மி. பிரான்ஸோட கமார்க் பகுதியில 1993-லயே இன்னொரு ஆய்வு. ரெண்டு குதிரை எதிரெதிரா நின்னு ஒண்ணுக்கொண்ணு பிடரிக்கு அடியில, முதுகு ஆரம்பிக்கிற இடத்துல பல்லால சொறிஞ்சு விடும், பார்த்திருப்பீங்க. அந்த இடத்துல சொறியும்போது இதயத் துடிப்பு குறையுதுன்னு அளந்து காட்டினாங்க.

இதை வெச்சு கேம் விதியை மாத்தி எழுதினேன். தலைமைக்குன்னு நம்பர் கிடையாது. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவுல ஒரு 'பழக்கம்' நம்பர். நகரணும்னா யாரும் டைஸ் போடலாம், ஆனா இன்னொருத்தராவது பின்னாடி வரேன்னு சொன்னாதான் அது செல்லும். சொறிஞ்சு விட்டா பயப் புள்ளி குறையும். பொலிகுதிரைக்கு மட்டும் பின்னாடி இருந்து ஓட்டுற ஒரு தனித்திறமை.

ஒருத்தர் இன்னொரு யோசனை சொன்னார். அந்தியூர் குருநாதசாமி கோவில் ஆடித் திருவிழாவுல நடக்கிற குதிரைச் சந்தையில சுழி பார்த்து விலை பேசுவாங்கல்ல, அதே மாதிரி பிறக்கும்போதே உடம்புல இருக்கிற சுழியை வெச்சு ஒவ்வொரு குதிரைக்கும் இடம் கொடுத்துடலாம், ராசிச் சுழி மேல, ஆகாத சுழி கீழ. கேட்க நல்லா இருந்துச்சு. மேசையில கொஞ்ச நேரம் யாரும் பேசல. கேமுக்குள்ளயும் பிறப்பை வெச்சு மேல கீழயான்னு எல்லாருக்கும் தோணிருக்கும், ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்லல. சுழியை லாயக்கார மனுஷங்களுக்கு விட்டுட்டோம். அவங்க அதைப் பார்த்துதான் யாருக்கு நல்ல கொள்ளு, யாருக்கு உமின்னு முடிவு பண்ணுவாங்க. குதிரைங்களுக்கு அது தெரியாது, எனக்கு ஏன் உமின்னு புரியாமலே திங்கும்.

அக்கா திரும்ப வந்தாங்க. நரி ராத்திரிக்கு முந்தின சாயங்காலம், புதுசா கட்டின குதிரையை முகர்ந்து பார்த்துட்டு அவங்க பெட்டை காதை மடக்கிக்கிட்டு, தீனியை விட்டுட்டு, கயித்தை இழுத்துச்சு. கூட வந்தது வரிசையில கடைசியா இருந்த நொண்டி மட்டக்குதிரை மட்டும்தான். விதிப்படி ஒருத்தர் போதும். பொலிகுதிரை நண்பர் ரொம்ப நேரம் டைஸை உருட்டிக்கிட்டே இருந்தார், அப்புறம் "நான் பின்னாடி வந்து மத்த ரெண்டையும் ஓட்டுறேன்"னார். மூணு பேரு பொழைச்சாங்க. யாருன்னு இங்க சொல்லல, கேட்க வேண்டிய எபிசோட் இன்னும் வரல.

அடுத்து லாயத்துல இருந்து தப்பிச்சதுங்க எங்க போகும்? வரைபடத்துல ரெண்டு இடம் குறிச்சு வெச்சிருக்கேன், ரெண்டும் நிஜம். ஒண்ணு கோடியக்கரை. 1967-ல வெளிமானுக்காக அறிவிச்ச சரணாலயம். அங்க மட்டக்குதிரைங்க காட்டுக் குதிரையாவே வாழுது. அழகுதான், ஆனா வெளிமானுக்கு வேண்டிய புல்லை அதுங்களும் மேயுது, சீமைக் கருவேலங்காயைத் தின்னு லத்தி வழியா விதையைப் பரப்பவும் செய்யுதுன்னு ஆய்வாளர்கள் கவலைப்படுறாங்க. யாரு பக்கம் நிக்கிறதுன்னு எனக்கு இன்னும் முடிவாகல.

இன்னொண்ணு யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே நெடுந்தீவு. குறிகட்டுவான்ல படகு ஏறிப் போகணும். போர்த்துக்கீசர், டச்சுக்காரர் காலத்துக் குதிரைகளோட வம்சம் பவளக்கல் வேலிகளுக்கு நடுவுல மேயுது. 2015-ல அதை தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. வறட்சி வந்தா தண்ணியில்லாம சாகுது. அமெரிக்காவுல வயோமிங் பக்கம் ரெட் டெசர்ட்ல 1979-லயே பார்த்திருக்காங்க: ஒரே குட்டைக்குப் பல குடும்பம் வந்தா, குடும்பங்களுக்குள்ளயும் ஒரு வரிசை உண்டு. போர்ச்சுகல்ல ட்ரோன் பறக்கவிட்டு 2021-ல வெளியான ஆய்வுல, நூத்துக்கு மேல குதிரை சேர்ந்த கூட்டத்துல பெரிய குடும்பங்க நடுவுலயும், சின்ன குடும்பமும் இளவட்ட ஆண்களும் ஓரத்துலயும் நிக்குதுன்னு தெரிஞ்சுது.

நம்ம மூணு பேரு ஓரத்துலதான் நிக்கணும். குட்டையில தண்ணி முழங்கால் அளவு, முன்னாடி 4 குடும்பம். அடுத்த சனிக்கிழமை டைஸ் போடுறோம். உங்ககிட்ட வேற விதி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள.