எதிர்ப்பதும் தாங்குவதும்



கலைச்சொல்லாக்கம் பற்றிய இவ்வுரையில் மாடுகளைப் பற்றியே மிகுதியும் பேசப் போகிறோம். காரணம் உண்டு. 'நோய் எதிர்ப்பாற்றல்' என்னும் தொடரை நாம் தாராளமாகவே வழங்குகிறோம். தொற்று வாராதிருத்தல், வந்த கிருமியை ஒடுக்குதல், கிருமி உள்ளிருந்தும் உடல் நலியாது நிற்றல் ஆகிய மூன்றையும் அவ்வொரு தொடருக்குள் அடைத்துவிட்டோம். ஆப்பிரிக்க மாட்டினங்கள் இரண்டினைப் பற்றிய ஆய்வு, இவற்றைப் பிரித்துச் சொல்ல வேண்டிய தேவையை உணர்த்துகிறது.

சகாராவுக்குத் தெற்கே, செட்சி ஈ குருதி குடிக்கும்போது டிரிப்பனோசோமா என்னும் ஓரணு ஒட்டுண்ணியை மாட்டின் உடலிற் செலுத்துகிறது. அதனால் வரும் நோய் நகானா. கிழக்காப்பிரிக்காவின் திமிலுடைய போரான் மாடு அந்நோயால் கடுங்குருதிச்சோகை கண்டு, மருந்தில்லையேல் பெரும்பாலும் மடிகிறது. மேற்காப்பிரிக்காவின் திமிலற்ற சிறு மாடாகிய எண்டாமாவோ அவ்வீக்களின் நடுவே மேய்ந்து, கன்றீன்று வாழ்கிறது. (அதன் பெயர் அந்நாட்டார் வாயில் மெய்யொலியில் தொடங்கும், தமிழில் மெய் மொழிமுதலாகாமையின் ஓர் உயிரை முன்னே இட்டோம்.)

எண்டாமாவுக்கும் ஒட்டுண்ணி தொற்றவே செய்கிறது. அவ்வொட்டுண்ணி தன் மேலுறைப் புரதத்தை மாற்றிக்கொண்டே இருப்பது. முந்தைய உறைக்கென உடல் ஆக்கிய எதிர்ப்பொருள் புதிய உறைக்குப் பயன்படாது. ஆயினும் எண்டாமா தன் குருதியில் ஒட்டுண்ணியின் எண்ணிக்கையைக் குறைவாகவே வைத்துக்கொள்கிறது. ஒட்டுண்ணியின் காங்கோபெயின் என்னும் நொதிக்கு எதிராகவும் போரானைவிட வலுவான எதிர்ப்பொருளை ஆக்குகிறது. இது ஒடுக்குதல்.

மற்றொன்று சோகையைத் தாங்குதல். இந்நோயில் மாட்டின் விழுங்கணுக்களே மிகையாகத் தூண்டப்பெற்று, தம் உடலின் சிவப்பணுக்களை விழுங்குகின்றன. எண்டாமாவில் இக்கேடு மட்டுப்படுகிறது. நைரோபியிலுள்ள பன்னாட்டுக் கால்நடை ஆய்வு நிறுவனத்தார், ஒரே கருப்பையில் இரண்டு இனக் கருக்களையும் வளர்த்து, குருதி கலந்த இரட்டைக் கன்றுகளைப் பெற்று ஆராய்ந்தனர். சோகையைத் தாங்குவது குருதியணுக்கள் எவ்வினத்தவை என்பதைப் பொறுத்திருந்தது. ஒட்டுண்ணியை ஒடுக்குவது அதனைப் பொறுத்திருக்கவில்லை. ஒரே மாட்டில் இரண்டு ஆற்றல்கள், இரண்டு வழிகள்! இவ்விரு இனங்களின் கலப்பு வழித்தோன்றல்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவுகளோ, நன்மை தரும் மரபுக்கூறுகள் சில போரானிடமிருந்தே வந்தன என்றன. 'நோய்க்கு எளிதில் ஆட்படும் இனம்' என்று முத்திரை குத்துவோர் இதனையும் எண்ணுக.

இனிச் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தார் எண்டாமாவின் இயல்பை 'டாலரன்ஸ்' என்பர். அதனைச் 'சகிப்புத்தன்மை' எனப் பெயர்த்தால் மாட்டுக்கு மனப்பக்குவம் கற்பித்தவராவோம். நம் உழவர் 'வறட்சி தாங்கும் பயிர்' என்கின்றனர். 'தாங்குதிறன்' அவ்வழக்கிலிருந்தே கிடைக்கிறது. உடல் தன் சொந்த அணுக்களைத் தாக்காதிருப்பதையும் தடுப்பாற்றலியலார் 'டாலரன்ஸ்' என்றே வழங்குகின்றனர். அதற்குத் 'தன்னேற்பு' எனத் தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லாயின் தமிழிலும் ஒரு சொல்லே வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 'எதிர்ப்பாற்றல் உள்ள மாடு' என்று மாணவர் எழுதினால், படிப்பவர் அதனைத் தொற்றில்லா மாடு என்றே கொள்வார். தாங்கும் மாட்டின் குருதியிலோ ஒட்டுண்ணி இருக்கலாம். அதனைக் கடித்த ஈ, தாங்கவியலாத வேறொரு மாட்டை அடுத்துக் கடிக்கலாம்.