ஐயாவின் படம்

 

1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனமெல்லாம் மழைக்குள்ள வெளிக்கிட்டபோது, அம்மா சீலைக்குள் மடிச்சுக் கொண்டுபோனது ஐயாவின் ஒரேயொரு படம். நனைஞ்சு, மடிப்பிலே வெடிச்சு, ஒரு கண் அழிஞ்சு போச்சு.

ஜேர்மனியில் அதைத் திருத்தவென்றே கணினியில் வேலை பழகினேன். போட்டோசொப்புக்குக் காசு வேணும். 1996இல் வெளிவந்த கிம்ப் இலவசம். அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்து ஸ்கான் பண்ணினேன். அந்த மூலப் பிரதியைத் தொடாமல், இன்னொரு பிரதியில், வெடிப்புக்குப் பக்கத்து நல்ல துண்டைப் படியெடுத்து வெடிப்பின்மேல் ஒட்டினேன். சேர்ட்டும் சுவரும் சரிவந்தன. அழிந்த கண்ணுக்கு மற்றக் கண்ணையே திருப்பி ஒட்டினேன்.

அம்மா பார்த்திட்டுச் சொன்னா: "வடிவாத்தான் கிடக்கு. ஆனா இது அவரில்லை. அவருக்கு அந்தக் கண் கொஞ்சம் சின்னன்."

ஒட்டின கண்ணை அழித்துவிட்டேன். வெடிப்பு வெடிப்பாகவே இருக்கிறது. இன்று கணினி தானாகவே முகம் வரைந்து தரும். அது யாரோ ஒருவரின் முகம்.

உங்கட வீட்டுப் படங்களையும் ஸ்கான் பண்ணுங்கோ. ஆர், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டு எழுதி வையுங்கோ. சொல்லக்கூடிய ஆக்கள் இருக்கேக்கையே கேளுங்கோ.